பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடிக்கு எந்த எண்ணெய்?

ஒரு தாய் என்னிடம் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தை பிறந்து 4 மாதம் ஆகிறது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, கூடவே பொடுகும் அரிப்பும். மாமியார் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தருகிறேன் என்கிறார். தோழி வெங்காயச் சாறு என்கிறார். செல்போனைத் திறந்தால் ரோஸ்மேரி தண்ணீர். எதைத் தடவுவது? அப்புறம், 31 வயது அண்ணனுக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, அவருக்கும் அதே எண்ணெயைக் கொடுக்கலாமா?

நான் மருந்தாளுநர். அம்மா வழித் தாத்தா தென்காசிப் பக்கம் தைலம் காய்ச்சிக் கொடுத்தவர். அவர் மடியில் உட்கார்ந்து இலை கிள்ளிப் போட்டு வளர்ந்தவள், பின்னர் 20 வருடமாகத் தோல் மருத்துவர்களின் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்து வருகிறேன். இரண்டு பக்கமும் எனக்கு நெருக்கமானவை. அதனால் எதையும் ஒரேயடியாகத் தூக்கி எறியாமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நேரான பதில். உங்களுக்கு இப்போது கொட்டும் முடி எந்த எண்ணெய் தடவினாலும் உடனே நிற்காது. எதையும் தடவாவிட்டாலும் சில மாதத்தில் தானாக நிற்கும். பொடுகுக்கு மூலிகைத் தைலம் உண்மையாகவே உதவும். அண்ணனுக்கு நடப்பது முற்றிலும் வேறு விஷயம், உங்கள் எண்ணெய் அவருக்கு ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வரை வளரும், 2 அல்லது 3 வாரத்தில் அடங்கும், ஏறக்குறைய 3 மாதம் சும்மா இருக்கும், அப்புறம் உதிரும். அதே குழியிலிருந்து புதியது முளைக்கும். அதனால்தான் யாருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கர்ப்பமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறி நிற்பதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் தங்கிவிடுகிறது. ஏழு, எட்டாம் மாதத்தில் பின்னல் தடித்துத் தெரிந்திருக்குமே, அது இதனால்தான். பிரசவம் ஆனதும் ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. தங்கியிருந்த முடியெல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகிறது, 3 மாதம் கழித்து ஒன்றாக உதிர்கிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள், "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்பார்கள். காரணம் குழந்தையின் சிரிப்பு இல்லை என்றாலும் கணக்கு ஏறக்குறைய சரி. டெங்கு, டைபாய்டு, பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பு இளைப்பது, இவற்றுக்கு 2, 3 மாதம் கழித்து வரும் உதிர்வும் இதே வகைதான்.

ஆக, இன்று உங்கள் சீப்பில் வரும் முடியின் விதி 3 மாதத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. வெளியில் தடவுவது எதுவும் அதைப் பின்னுக்கு இழுக்காது. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலானவர்களுக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. நீங்கள் இந்த 4-வது மாதத்தில் ஒரு எண்ணெயைத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7-வது மாதத்தில் உதிர்வது குறையும். 9-வது மாதத்தில் நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நிற்கும். பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். நாளைக்கு உங்கள் நாத்தனாருக்கும் அதையே மனதாரச் சொல்வீர்கள், பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமே இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் "எங்க பாட்டி எண்ணெய்" ஒன்று புகழ் பெற்றது பெரும்பாலும் இப்படித்தான். தாத்தாவிடம் வந்து நன்றி சொன்ன பெண்களில் பாதிப் பேர் கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்பது எனக்குப் படித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உதிர்ந்த முடியை வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள். முழு நீளமாக, ஒரு நுனியில் கடுகை விடச் சிறிய வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது வேரிலிருந்து, முறைப்படி ஓய்வெடுத்து உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் முடி நடுவில் ஒடிகிறது. முதல் வகைக்குக் காரணம் உடம்புக்குள்ளே இருக்கிறது. இரண்டாவது வகைக்கு எண்ணெய் நிச்சயம் கை கொடுக்கும். எண்ணெய் வைத்துத் தேய்க்கும் அன்று அதிகம் கொட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், எப்படியும் நாலு நாளில் விழப் போகிற முடி அன்றைக்கே விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, பொடுகுக்கு வருவோம். இங்கேதான் நம் மூலிகைகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. பொடுகுக்குக் காரணம் வறட்சி என்று நினைத்து இரவு முழுக்க எண்ணெய் ஊற வைப்பவர்கள் அதிகம். தலைத்தோலில் எல்லோருக்கும் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை, அங்கே சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அது மிஞ்சும்போது தோல் அரித்து உரிகிறது. நாம் ஊற்றும் எண்ணெயும் அதற்குத் தீனிதான். அதனால் பொடுகு இருக்கும்போது எந்தத் தைலமானாலும் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு நன்றாக அலசிவிட வேண்டும்.

எந்தத் தைலம் என்றால், என் முதல் தேர்வு வெட்பாலை. காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, சித்த மருத்துவமனைகளில் கொடுக்கும் தைலம் இதுதான். செதில் செதிலாக உரியும் தலைக்கும் நன்றாகக் கேட்கிறது. அடுப்பே வேண்டாம் என்பது இதன் அழகு. இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, கையால் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளும்போது பால் வடியும். இரண்டு கைப்பிடி இலைக்குக் கால் லிட்டர் தேங்காய் எண்ணெய், வாயகன்ற கண்ணாடிப் பாத்திரம், மேலே மெல்லிய துணியால் வேடு கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். இரண்டாம் நாளே எண்ணெயில் ஊதா நிறம் இறங்கத் தொடங்கும். 5 முதல் 7 நாளில் கருநீலமாகிவிடும், வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். தலையணை உறையில் கறை படும், பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இலையை அடையாளம் தெரிந்தவரிடம் வாங்குங்கள். பால் வடியும் செடிகள் நிறைய உண்டு, அரளிக்கும் பால் வடியும், அது விஷம். வெயிலில் இருந்தும் ஊதா ஏறவில்லை என்றால் அது வெட்பாலை இல்லை, கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று பொடுதலை. வாய்க்கால் ஓரம் தரையோடு படரும் சின்னக் கொடி, சித்த மருத்துவத்தில் பொடுகுக்கென்றே சொல்லப்படுவது. அதன் சாற்றை எண்ணெயில் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். சாக்கடைத் தண்ணீர் ஓடும் இடத்தில் பறிக்காதீர்கள்.

இவை 3, 4 வாரத்தில் கேட்கவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கீட்டோகோனசோல் 2% ஷாம்பு வாரத்துக்கு 2 முறை, நுரையை 3 முதல் 5 நிமிடம் தலையில் விட்டு அலசுவது, பொடுகுக்கு நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்து. பால் கொடுக்கிறீர்கள் என்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். தைலமும் ஷாம்பும் ஒன்றுக்கொன்று எதிரிகள் இல்லை.

மாமியாரின் கரிசலாங்கண்ணி எண்ணெய்க்கு வருகிறேன். தலைக்கு எடுப்பது வெள்ளைப் பூ பூக்கும் கரிசாலை. மஞ்சள் பூ பூப்பதைக் கீரையாகச் சமைப்பார்கள். எலிகளில் செய்த சோதனைகளில் வெள்ளைக் கரிசாலைச் சாறு முடி வளரும் கட்டத்தைத் தூண்டியிருக்கிறது. மனிதத் தலையில் அப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு வரவில்லை. அதனால் இதனால் முடி முளைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் நல்ல எண்ணெய் என்று சொல்வேன், காரணம் அடியில் இருக்கும் தேங்காய் எண்ணெய். 2003-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அதைச் செய்யவில்லை. தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நம் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது: குளிப்பதற்கு முன் எண்ணெய் வைத்த முடி ஒடிவது குறைவு.

காய்ச்சும் முறையில் தவறு நடந்தால் நல்ல மூலிகையும் கெடுதலாகிவிடும், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இலைச் சாற்றில் இருக்கும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட எண்ணெயில் தங்கக் கூடாது. தங்கினால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் காறும். அரை லிட்டர் எண்ணெய்க்கு அரை லிட்டர் சாறு, அடி கனமான பாத்திரம், சிறு தீ. தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் வரும், சூடும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சத்தம் அடங்கும், அந்த நிமிடத்திலிருந்து சூடு வேகமாக ஏறும். இங்கேதான் பலர் கருக விடுகிறார்கள். அடியில் தங்கும் கசடை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் மெழுகு போல் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியை விளக்குச் சுடரில் காட்டினால் சடசடக்காமல் எரிய வேண்டும். தாத்தா இதை மெழுகு பதம் என்பார். அதைத் தாண்டிக் கசடு மணல் போல நறநறத்தால் அது மணல் பதம், தலைக்கு வைக்க அது வரையும் விடலாம். அதற்கு மேல் போனால் கருகல்தான். ஆறிய பிறகு, ஈரமில்லாத நிறப் புட்டியில் ஊற்றி, 2 மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் காய்ச்சுங்கள். காறல் வாடை வந்துவிட்டால் தலையில் வைக்க வேண்டாம்.

இரும்புச் சட்டியில் நெல்லிக்காய் சேர்த்துக் காய்ச்சினால் எண்ணெய் கறுத்துவிடும். நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. பார்க்க மருந்து ஏறியது போல இருக்கும், நரை வேரிலிருந்து கறுப்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

வெந்தயம், செம்பருத்தி இலை, கற்றாழை மூன்றும் ஒரே இனம் போலத்தான் வேலை செய்கின்றன. அவற்றின் வழவழப்பு முடியின் மேல் படிந்து சிக்கு விழாமல் காக்கிறது. சீவும்போது ஒடிவது குறையும். அரைத்த அன்றே பயன்படுத்திவிடுங்கள், மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றை நேராகத் தலையில் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், அரித்துப் புண்ணான தோலில் அது தீ போல எரியும்.

வெங்காயச் சாறு பற்றி ஒரு தவறான புரிதல் பரவியிருக்கிறது. 2002-ல் வெளிவந்த பாக்தாத் ஆய்வுதான் எல்லோரும் சொல்வது. 38 பேர், அவர்களில் 23 பேருக்கு நாளுக்கு 2 வேளை வெங்காயச் சாறு, மற்றவர்களுக்கு வெறும் குழாய்த் தண்ணீர். 6 வாரத்தில் வெங்காயம் தடவியவர்களில் 20 பேருக்கு முடி முளைத்தது, தண்ணீர் தடவியவர்களில் 8 வாரத்தில் 2 பேருக்குத்தான். நல்ல முடிவுதான், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது நாம் புழுவெட்டு என்று சொல்லும் நோய். வட்ட வட்டமாக வழுவழுவென்று சொட்டை விழும். புழு எதுவும் இல்லை, நம் உடலின் எதிர்ப்பு அணுக்களே முடி வேரைத் தாக்குவதால் வருவது. உங்கள் உதிர்வுக்கும் அண்ணனின் முன்வழுக்கைக்கும் அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. புழுவெட்டு சின்ன அளவில் இருந்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். உங்களுக்கு வெங்காயம் தேவையில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தலையில் அந்த நெடியும் எரிச்சலும் எதற்கு?

ரோஸ்மேரி அண்ணனுக்குப் பொருந்தும் பேச்சு, அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆண்களின் முன்வழுக்கைக்குக் காரணம் டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு முடி வேர் காட்டும் பரம்பரை உணர்திறன். வேர் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பூனை முடி போல ஆகிவிடும். 2015-ல் ஈரானில் 100 பேரை வைத்து, ரோஸ்மேரி எண்ணெயையும், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 2% கரைசலையும் 6 மாதம் ஒப்பிட்டார்கள். 3 மாதத்தில் இரண்டு பக்கமும் மாற்றம் இல்லை. 6 மாதத்தில் இரண்டு பக்கமும் முடி எண்ணிக்கை ஏறியது, ஏறக்குறைய சமமாக. ஆனால் மருந்தே இல்லாத மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை. இன்று ஆண்களுக்கு வழக்கமாகத் தருவது 2% இல்லை, 5%. இதைச் சொல்லாமல் "ரோஸ்மேரி மினாக்சிடிலுக்குச் சமம்" என்று மட்டும் சொல்வது சரியில்லை. அதைவிட, ஆய்வில் தடவியது ரோஸ்மேரி எண்ணெய். வீட்டில் இலையைக் கொதிக்க வைத்து எடுக்கும் தண்ணீரை யாரும் அங்கே சோதிக்கவில்லை. நீலகிரியில் விளையும் நல்ல ரோஸ்மேரியாக இருந்தாலும், தண்ணீரில் இறங்குவது வேறு, ஆவியில் வடித்த எண்ணெயில் இருப்பது வேறு.

அண்ணனுக்கு என் யோசனை: சீக்கிரமே தோல் மருத்துவரைப் பார்க்கட்டும். 31 வயதில் வேர்கள் இன்னும் உயிரோடு இருக்கும், காத்திருந்தால் இழப்பது அதிகம். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, 1988-ல் அமெரிக்காவில் தலைக்குத் தடவ அனுமதி கிடைத்தது. தொடங்கிய முதல் சில வாரத்தில் உதிர்வு கூடும், பயந்து நிறுத்தக் கூடாது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். மருந்தே வேண்டாம் என்பவர், 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 1 முதல் 2 மில்லி ரோஸ்மேரி எண்ணெய் கலந்து 6 மாதம் தொடர்ந்து பார்க்கலாம். நீர்க்காமல் தடவினால் தோல் வெந்துவிடும். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் பார்த்தால் நம் ஆசையும் சேர்ந்து தெரியும். உங்களுக்கு இரண்டுமே இப்போது வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தில் மினாக்சிடில் பரிந்துரைப்பதில்லை. ரோஸ்மேரி எண்ணெயில் கற்பூரச் சத்து உண்டு, பிள்ளை உங்கள் முடியைப் பிடித்து வாயில் வைக்கும் வயது. வெறும் கற்பூரத்தைத் தலை எண்ணெயில் போடும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், சிசுக்களுக்கு அது வலிப்பைக் கொண்டுவரக்கூடியது.

இன்னும் சில பொருட்களை எந்தச் சூழலிலும் வீட்டில் தொட வேண்டாம். குன்றிமணி அரைத்துப் போட்டால் வழுக்கையில் முடி வரும் என்று சொல்வார்கள். அதற்குள் இருக்கும் ஏப்ரின் கொடிய நஞ்சு, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அரைத்த குன்றிமணி இருக்கவே கூடாது. பேனுக்குச் சீதாப்பழ விதையை அரைத்துத் தடவுவதும் பழைய வழக்கம். அது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், தாங்க முடியாத வலி. பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். எருக்கம்பால், ஊமத்தை, சேராங்கொட்டை இவையும் அப்படியே. சித்த மருத்துவர் சுத்தி செய்து, அதாவது நஞ்சை நீக்கி, பயன்படுத்தும் பொருளை நாம் அம்மியில் அரைத்துப் பார்க்கக் கூடாது. "மூலிகைச் சாயம்" என்று விற்பதில், ஐந்து நிமிடத்தில் கருகருவென்று ஆக்குவது எதுவானாலும் சந்தேகப்படுங்கள். மருதாணி செம்மைதான் தரும், அவுரி சேர்த்தால் நேரம் எடுத்துக் கறுக்கும். சட்டென்று வரும் கறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும், முகம் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் புதிய எண்ணெயையும் முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவி 2 நாள் பாருங்கள். சிவந்தால் வேண்டாம்.

தலைக்கு மேலே இவ்வளவு பேசினாலும், உங்களுக்கு நான் முதலில் கேட்க நினைப்பது இரத்தம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பிரசவத்தில் இரத்தம் போய், இப்போது பாலும் கொடுக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தால் இன்றே மறுபடி தொடங்குங்கள். டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து சேராது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வருவது உண்டு, அதன் முதல் அடையாளமாக முடி கொட்டலாம்.

மாமியார் எண்ணெய் காய்ச்சித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பொடுகு அடங்கும்வரை வெட்பாலை, அடங்கிய பிறகு வாரம் 2 நாள் குளிப்பதற்கு அரை மணி முன்னால் அவருடைய எண்ணெய். அவர் கையாலேயே தேய்த்துவிடச் சொல்லுங்கள். இரவு சரியாகத் தூங்காத உடம்புக்கு அந்த அரை மணி நேரம் பெரிய ஓய்வு. ஈர முடியை இழுத்துக் கொண்டை போடாதீர்கள், இறுக்கிப் பின்னினால் நெற்றியோர முடி வேரோடு போய்விடும்.

சொட்டையாக வட்டம் விழுந்தாலோ, தோல் பளபளத்துக் குழிகளே தெரியாமல் போனாலோ, சீழ், வலி, புருவ முடி உதிர்வது இவற்றில் எது வந்தாலோ எந்தத் தைலத்தையும் சோதித்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் பெரிய பிள்ளை யாருக்காவது தலையில் செதிலோடு சொட்டை விழுந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. உள்ளுக்கு மாத்திரை கொடுத்தால்தான் போகும், எண்ணெயில் போகாது. உங்களுக்கு இவை எதுவும் இல்லாமல், குழந்தைக்கு ஒரு வயது முடிந்தும் உதிர்வு இதே அளவில் இருந்தால், அந்த மூன்று இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.